தீவன அறைக்குக் கதவு எண்

சட்டமன்றக் குழு எங்கள் பண்ணையைப் பார்க்க வருகிறது என்று பக்கத்துத் தோப்புக்காரர் வந்து சொன்னபோது, நான் பால் வாளியைக் கையில் வைத்துக்கொண்டே துள்ளிவிட்டேன். பாதிப் பால் தரையில் போனது. வேறொரு நாளாக இருந்தால் அதற்காகவே யாரையாவது வைதிருப்பேன். அன்றைக்கு எதுவுமே உறைக்கவில்லை.

"நிசமாவா சொல்லுதீக? நம்ம பண்ணைக்கா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். அவர் ராஜபாளையத்துக்காரர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். எங்கள் பண்ணைக்கு அடுத்து மாந்தோப்பு வைத்திருக்கிறார். விவசாயிகள் சங்கத்தில் எதைச் செய்தாலும் முதல் ஆளாக நிற்பார். "நெசம்தாம்மா. மசோதா கொண்டு வரப்போறாங்க. அதுக்கு முன்னாடி நாலு பண்ணையைக் கண்ணால பாக்கணுமாம்" என்றார். மசோதா என்ற சொல்லை நான் அதுவரை செய்தித்தாளில்தான் படித்திருந்தேன். மாட்டுத் தொழுவத்தில் நின்றுகொண்டு ஒருமுறை உரக்கச் சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து செண்பகத்தோப்புக்குப் போகிற வழியில், மலைக்குக் கொஞ்சம் முன்னால் எங்கள் பண்ணை இருக்கிறது. இருபது சொச்சம் கறவை மாடுகள். காலையும் மாலையும் என் வீட்டுக்காரர் பாலை வண்டியில் வைத்து டவுனுக்குக் கொண்டுபோய்ப் பால்கோவா போடுகிறவர்களிடம் ஊற்றிவிட்டு வருவார். எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் எல்லாரும் பால்கோவா எங்கே நன்றாக இருக்கும் என்று கேட்கிறார்கள். பால் எங்கிருந்து வருகிறது என்று இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. இதைச் சொன்னால் என் வீட்டுக்காரர், "கேட்டா மட்டும் நீ சும்மா விட்டுருவியாக்கும்" என்பார்.

மாடுகளைக் கறப்பது சேத்தூரிலிருந்து வந்த ஒரு புருஷன் பெண்டாட்டி. அவன் அதிகம் பேசமாட்டான். அவள் தேவைக்குப் பேசுவாள், அதுவும் குத்துகிற மாதிரி. இரண்டு பேர் கைக்கும் மாடுகள் அப்படிப் பழகியிருந்தன. வேறு ஆள் மடியில் கை வைத்தால் பாலை அடக்கிக்கொள்ளும். ஆரம்பத்தில் இருவரும் சேத்தூரிலிருந்து விடியுமுன்னே மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார்கள். ஒருநாள் இருட்டில் காட்டுப்பன்றிக் கூட்டம் குறுக்கே ஓடி, வண்டியோடு விழுந்தார்கள். அவனுக்கு முழங்கை பிசகிவிட்டது. அந்த நேரத்தில் பஸ்ஸும் கிடையாது. கடைசியில் வேறு வழியில்லாமல் எங்கள் தீவன அறையில் வந்து தங்கினார்கள். அவர்களுடைய மகள் மட்டும் சேத்தூரில் அம்மாச்சி வீட்டில் இருந்து பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள்.

தீவன அறை என்றால் உண்மையிலேயே தீவன அறைதான். தகரக் கூரை, ஒரே வாசல், மூலையில் எலிப்பொறி. கதவுக்கு வெளிப்பக்கம் மட்டும் தாழ்ப்பாள். தவிட்டு மூடைக்கு உள்பக்கத் தாழ்ப்பாள் எதற்கு? அவர்கள் குடிவந்த பிறகும் மூடைகள் அங்கேதான் கிடந்தன. நான் நினைத்த நேரத்துக்கு, சாணி அப்பிய செருப்போடு, "ஏட்டி, அந்தப் புண்ணாக்க எடு" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போவேன். என் அறை, என் மூடை. அவள் சோறு வடித்துக்கொண்டிருந்தாலும் தலை வாரிக்கொண்டிருந்தாலும் நான் போவேன், வருவேன்.

தீவனம் விலை ஏறப்போகிறது என்று கடைக்காரர் காதைக் கடித்தால் நான் முன்கூட்டியே வாங்கிப் போட்டுவிடுவேன். வாங்கிப் போடப் போட அவர்களுடைய பாய் சுவர்ப்பக்கம் ஒதுங்கும். தீவன விலையை நான் கடையில் பார்த்தேன் என்றால், அவள் தன் பாயின் அகலத்தில் பார்த்தாள். "அக்கா, இன்னும் ரெண்டு மூடை வந்தா நாங்க நின்னுக்கிட்டேதான் தூங்கணும்" என்று ஒருநாள் சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

வீடு கட்டிக் கொடுக்க நான் முயலாமல் இல்லை. ஊராட்சி அலுவலகத்துக்கு நடையாய் நடந்தேன். விவசாய நிலம், அங்கே குடியிருப்புக்கு அனுமதி கிடையாது என்றார்கள். அனுமதி இல்லையென்றால் கதவு எண் கிடையாது. கதவு எண் இல்லையென்றால் வீட்டு மின் இணைப்பு கிடையாது. "மாட்டுக்குக் கொட்டகை போடலாம், மாட்டக் கறக்க மனுசனுக்கு வீடு கட்டக் கூடாதோ?" என்று நான் கத்திய சத்தத்தில் வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அதிகாரி பாவம், "சட்டம் அப்படி இருக்கும்மா, நான் என்ன செய்ய?" என்றார். கிணற்று மோட்டாருக்கு வந்த இணைப்பிலிருந்து திருட்டுத்தனமாக ஒரு வயர் இழுத்துத்தான் அந்த அறையில் ஒரு பல்பு எரிந்துகொண்டிருந்தது.

இதற்கு நடுவில் ராஜபாளையத்து மில் ஒன்றிலிருந்து அவர்களைக் கூப்பிட்டார்கள். இரண்டு பேருக்கும் வேலை, தங்குவதற்குக் குவார்ட்டர்ஸ். மகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். அவள் என்னிடம் ஒளிக்கவில்லை. "பங்குனி வரைக்கும் பாக்கோம்க்கா. பொறவு போயிருவோம்" என்றாள். அவர்கள் போனால் பண்ணை நிற்காது. நானும் என் வீட்டுக்காரரும் அத்தனை மாட்டைக் கறக்க முடியாது. வேறு ஆள் தேடி அலைந்து பார்த்தாயிற்று, வருகிறவர்கள் அறையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். விஷயம் எப்படியோ வெளியே போய், மாட்டுத் தரகர் ஒருவர் வந்து எங்கள் மாடுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார். அவர் போன பிறகு நான் தொழுவத்தில் உட்கார்ந்து அழுதேன்.

அதனால்தான் மசோதா என்றதும் அந்தத் துள்ளல். தோப்புக்காரர் விளக்கியது இதுதான். பண்ணையில் வேலை செய்கிறவர்களுக்கு விவசாய நிலத்திலேயே சின்ன வீடு கட்ட அனுமதி, அதற்குக் கதவு எண், வீட்டு இணைப்பு. கூடவே, தீவனம் விலை ஏறினால் பால் கொள்முதல் விலையையும் அதற்கேற்ப அரசு திருத்த வேண்டும். அரசு விலை ஏறினால் டவுனில் பால்கோவா போடுகிறவர்களும் ஏற்றித்தான் ஆக வேண்டும். எனக்கு வேண்டிய இரண்டையும் யாரோ சென்னையில் உட்கார்ந்து ஒரே தாளில் எழுதியிருந்தார்கள்!

குழு வருவதற்கு முன்னால் நாங்கள் செய்த காரியத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு குணம். வீட்டுக்கு ஆள் வருகிறார்கள் என்றால் இருக்கிற கஷ்டத்தையெல்லாம் கொல்லைப்பக்கம் தள்ளிவிட்டு, சிரித்த முகமாக வாசலில் நிற்போம். வருகிறது சட்டசபை. விடுவோமா? தீவன அறைக்கு வெள்ளையடித்தோம். மூடைகளை எல்லாம் தூக்கிக் கொண்டுபோய்ப் பின்னால் புளியமரத்தடியில் அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடினோம். என்னுடைய சுங்குடிச் சேலை ஒன்று திரைச்சீலையாகத் தொங்கியது. தோப்புக்காரர் வீட்டிலிருந்து நல்ல நாற்காலிகள் வந்தன. மின்வாரிய அதிகாரியும் கூட வருகிறார் என்று கேள்விப்பட்டு, பல்பையும் வயரையும் நானே ஏணி போட்டுக் கழற்றினேன். எங்கள் பாலில் நானே பால்கோவா கிண்டினேன். வாசலில் அவள் ஒரு பெரிய கோலம் போட்டாள்.

என் வீட்டுக்காரர் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இம்புட்டு நல்லா இருந்தா அவிய எதுக்குச் சட்டம் போடணும்?" என்று கேட்டார்.

"ஒங்களுக்கு எது செஞ்சாலும் நொட்டைதான்" என்று வாயை அடைத்தேன்.

மாசிக் கடைசியில் ஒரு மதியம் வண்டிகள் வந்தன. குழுவின் தலைவர் ஒரு அம்மா. கூட இரண்டு உறுப்பினர்கள், சில அதிகாரிகள். தோப்புக்காரர் பதற்றத்தில் தமிழை மறந்து, "ரண்டி, ரண்டி, கூர்சோண்டி" என்று நாற்காலியைக் காட்டினார். எல்லாரும் பால்கோவா சாப்பிட்டார்கள். ஒருவர் இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டார். நான் தரையில் கால் பாவாமல் திரிந்தேன். மாடுகளைக் காட்டினேன், புல் நறுக்குகிற மெஷினைக் காட்டினேன், கடைசியில் தொழிலாளர் தங்குமிடம் என்று அந்த அறைக்குக் கூட்டிப் போனேன்.

அந்த அம்மா உள்ளே நின்று நாலு பக்கமும் பார்த்தார். "நல்லா விசாலமா, சுத்தமா வச்சிருக்கீங்களே! டவுன்ல வாடகை வீடு கூட இப்படி இருக்காதே" என்றார்.

"ஆமாங்கம்மா!" என்றேன், முகமெல்லாம் பல்லாக.

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பக்கத்தில் நின்ற அதிகாரி தலையை ஆட்டிக்கொண்டே எதையோ குறித்துக்கொண்டார். "அப்போ இங்க பெரிசா பிரச்சினை ஒண்ணும் இல்லை" என்று உறுப்பினர் ஒருவர் மற்றவரிடம் சொன்னது காதில் விழுந்தது. சுவர்ப்பக்கம் நின்ற அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பங்குனி பிறக்க அதிக நாள் இல்லை. என்ன சொல்லி இதைத் திருப்புவது? இப்போது போய் இல்லை, இது பொய் என்று எப்படிச் சொல்வது? தோப்புக்காரர் என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார்.

அப்போது மலைப்பக்கம் இடித்தது. எங்கள் மலை மழை சொல்லிக்கொண்டு வராது. தகரத்தில் முதல் துளிகள் விழுந்ததும் அவன், எப்போதும் பேசாதவன், "அக்கா, மூடை!" என்று கத்தினான்.

அவ்வளவுதான். யார் சட்டசபை, யார் அதிகாரி, எதுவும் எங்களுக்கு நினைவில்லை. தீவனம் நனைந்தால் பூஞ்சை பிடிக்கும், பூஞ்சை பிடித்ததைத் தின்றால் மாடு படுத்துவிடும். தார்ப்பாயைக் காற்று தூக்கிக்கொண்டு போயிருந்தது. நான், என் வீட்டுக்காரர், அவன், அவள், தோப்புக்காரர், ஐந்து பேரும் புளியமரத்துக்கும் அறைக்குமாக ஓடினோம். மழைக்கு ஒதுங்கிக் குழு முழுவதும் அறைக்குள்ளேயே நின்றது. ஒவ்வொரு மூடையாக அவர்கள் காலடியில் கொண்டுவந்து தள்ளினோம். "தள்ளுங்கம்மா, செத்த தள்ளி நில்லுங்க!" என்று தலைவர் அம்மாவை நான் அதட்டியதாக என் வீட்டுக்காரர் இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். புண்ணாக்கு, தவிடு, பருத்திக்கொட்டை என்று ஏறிக்கொண்டே போனது. நாற்காலிகள் மடங்கி ஓரம் போயின. ஓர் உறுப்பினர் இடமில்லாமல் மூடை மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

கடைசி மூடையும் உள்ளே வந்தபோது அறை வழக்கம்போல ஆகியிருந்தது. மழை வலுத்து இருட்டிக்கொண்டு வந்தது. "லைட்டைப் போடுங்க" என்றார் யாரோ.

"லைட் இல்லைங்க" என்றாள் அவள். "ஈ.பி. சார் வாராருன்னு அக்கா நேத்துத்தான் கழட்டுனாக."

முதலில் சிரித்தவர் அந்த மின்வாரிய அதிகாரிதான். சாரல் அடிக்கிறது, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுங்கள் என்றார் தலைவர் அம்மா. உள்ளே தாழ்ப்பாள் இல்லை என்று அவள் சொன்னதும், அவர் கதவை ஒருமுறை பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"இந்த மூடையெல்லாம் தினம் எங்கே இருக்கும்?"

"இங்கனதாம்மா."

"அப்போ நீங்க ரெண்டு பேரும் எங்கே படுப்பீங்க?"

"நீங்க நிக்கிற எடத்துலதான்" என்றாள்.

அந்த அம்மா குனிந்து தன் காலடியைப் பார்த்தார். இரண்டு காலையும் சேர்த்து வைக்கத்தான் அங்கே இடமிருந்தது. எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. நனைந்த சேலையோடு மூடையில் சாய்ந்துகொண்டு கொட்டித் தீர்த்துவிட்டேன். ஊராட்சி அலுவலகம், கதவு எண், மில், தரகர், எல்லாம். "தீவனக் கடைக்காரர் வெலயச் சொல்லுதாரு, குடுத்து வாங்குதேன். பால் வாங்குதவரும் அவரே வெலயச் சொல்லுதாரு, ஊத்திட்டு வாரேன். நான் வெலயச் சொல்லுத எடம் எதும்மா? வெல ஏறுதுன்னு மூடைய வாங்கிப் போட்டா இவுக படுக்க எடம் இல்ல. வாங்காம இருந்தா மாட்டுக்குத் தீனி இல்ல. நான் என்னதான் செய்ய?" குரல் ஏன் அப்படி உயர்ந்தது என்று எனக்கே தெரியவில்லை. அந்த அம்மா கோபப்படவில்லை. "இதை முதல்லயே காட்டியிருக்கலாமேம்மா" என்றார். "எதுக்கு வெள்ளையடிச்சீங்க?"

"நீங்க வாரீகன்னுதான்" என்றேன். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் வேண்டுமென்றே இரண்டு மடங்கு சத்தமாகச் சிரித்தார்.

பங்குனி பிறந்தது. மில்லிலிருந்து மறுபடியும் ஆள் வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். "மசோதா வாரது வரைக்கும் இருடி" என்று நான் கெஞ்சினேன். எனக்குக் கெஞ்சிப் பழக்கமில்லை, அதட்டுகிற மாதிரியே வந்தது. அவள் வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த மாட்டுக்குப் போனாள்.

மசோதா எடுத்துக்கொள்ளப்பட்ட நாளில் தொழுவத்து ஜன்னலில் என் வீட்டுக்காரருடைய செல்போனைச் சாய்த்து வைத்துவிட்டு எல்லாரும் சுற்றி நின்றோம். தலைவர் அம்மா பேசும்போது எங்கள் ஊரையும் சொல்லவில்லை, எங்களையும் சொல்லவில்லை. "ஒரு குடும்பம் தூங்குகிற இடத்தில் நான் நின்றேன். என் இரண்டு காலுக்குத்தான் அங்கே இடமிருந்தது" என்று மட்டும் சொன்னார். கடைசியில் ஆதரிப்பவர்கள் ஆம் சொல்ல வேண்டும் என்று சபாநாயகர் சொன்னபோது, அங்கே அவர்கள் சொல்வதற்கு முன்னால் இங்கே நாங்கள் "ஆம்!" என்று கத்தினோம். மாடுகள் மிரண்டு எழுந்து நின்றன. மாலையில் ஒரு சொட்டுப் பால்கூட ஒழுங்காக இறங்கவில்லை. போகட்டும்!

அவளுடைய கையைப் பிடித்து, "இப்ப என்னடி சொல்லுத?" என்றேன்.

"சட்டம் மெட்ராசுலதானக்கா வந்திருக்கு. இங்க வரட்டும்" என்றாள்.

இங்கே வரக் கொஞ்சம் நாளானது. மில்லுக்காரர்களிடம் அவள் கோடை முடிய அவகாசம் கேட்டிருந்தாள். நானோ ஒவ்வொரு நாளையும் எண்ணிக்கொண்டிருந்தேன். பால் விலை திருத்தம் முதலில் வந்தது. பெரிய ஏற்றம் இல்லை. ஆனால் தீவனம் ஏறினால் பாலும் ஏறும் என்ற தைரியத்தில் மூடைகளை முன்கூட்டி வாங்கிக் குவிப்பதை நிறுத்தினேன். மூடைகளுக்குத் தொழுவத்தை ஒட்டித் தனியாக ஒரு தகரக் கொட்டகை போட்டோம். பழைய தீவன அறைக்கு ஜன்னல் வைத்து, சமையலுக்கு ஒரு இடமும் குளிக்க ஒரு இடமும் இழுத்துக் கட்டி, ஓட்டுக்கூரை போட்டோம். முன்பு என்னிடம் வசவு வாங்கிய அதே ஊராட்சி அதிகாரி ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து சுவரில் கதவு எண்ணை எழுதினார். பெயின்ட் காய்வதற்குள் நான் அதைப் போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பிவிட்டேன். மீட்டர் வந்தது. புதுப் பல்பு எரிந்தபோது தோப்புக்காரர் கை தட்டினார். அவர்கள் மகள் சேத்தூரிலிருந்து பையோடு வந்திருந்தாள். அவள் சும்மா பார்க்க வந்தாளா, தங்க வந்தாளா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

மறுநாள் காலை, பால் வண்டி போன பிறகு, ஒரு மாட்டுக்கு மடி வீங்கியிருப்பதைச் சொல்ல வேகமாகப் போனேன். வழக்கம்போல, "ஏட்டி" என்று கதவைத் தள்ளினேன். கதவு திறக்கவில்லை. இன்னொருமுறை தள்ளினேன். உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தது.

"யாரு?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

என் நிலத்தில் நின்றுகொண்டிருந்த என்னைப் பார்த்து யாரு என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. சுருக்கென்று கோபம் வந்தது. "நான்தாண்டி! வேற யாரு?" என்றேன்.

"பிள்ள துணி மாத்துதா. செத்த இருங்கக்கா. இனிமே தட்டிட்டு வாங்க."

வாயில் வந்த வசவு அப்படியே நின்றுவிட்டது. தட்டிவிட்டு வாங்க என்கிறாள், இனிமே என்கிறாள். மூட்டையைக் கட்டுகிறவள் எதற்கு இனிமேலைப் பற்றிப் பேசப்போகிறாள்? எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கையை மடக்கி, இல்லாத பழக்கமாக, அந்தக் கதவைத் தட்டினேன்.

தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. அவள் கதவைத் திறந்து வாசலில் நின்றாள். "மில்லுக்கு வரலன்னு நேத்தே சொல்லிட்டோம்" என்றாள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டியாயிற்று என்று சொல்கிற அதே குரலில். பிறகு கொஞ்சம் விலகி நின்று, "உள்ள வாங்கக்கா" என்றாள்.

இத்தனை காலத்தில் அவள் என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. நான் இடம் கொடுத்தால்தானே? சாணி அப்பிய செருப்பைக் கழற்றி வாசலில் ஓரமாக விட்டுவிட்டு, நான் உள்ளே போனேன்.